ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டைத் திறப்பீங்களா?

சிதம்பரத்தில் ரூம் எடுப்பவர்கள் வழக்கமாக நாலு கேள்வி கேட்பார்கள். ‘ஏ.ஸி. உண்டா? வெந்நீர் வருமா? கார் நிறுத்த இடம் இருக்கா? ரேட்டுல கொஞ்சம் பாத்துச் செய்யுங்களேன்?’ ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டதில் என் அம்மாவுக்கு ஒரு மார்கழித் திருவாதிரை பாழாய்ப் போனது.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. முழங்கால் இரண்டும், மழை வரப்போவதை வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே அறிவித்துவிடும். பிறந்த ஊர் விருத்தாசலம் பக்கம். எட்டு வயதில் கட்டை வண்டியில் சிதம்பரம் வந்து, ஏதோ ஒரு சத்திரத்தில் தங்கி, அவளுடைய அப்பாவின் தோளில் உட்கார்ந்து நடராஜர் அபிஷேகம் பார்த்தாளாம். “சந்தனம் ஊத்துனாங்க பாரு, அப்படியே தங்கம் உருகி ஓடுற மாதிரி இருந்திச்சு” என்று எழுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்பது ஆசை. நானும் ‘அடுத்த வருஷம் போவோம்மா, அடுத்த வருஷம்’ என்று நாள் கடத்திக்கொண்டே வந்தேன். நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வந்த கதை தெரியுமில்லையா? எனக்குத் திருவருஷம்போவார் என்று பெயர் வைத்திருக்கலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நடராஜருக்கு வருஷத்தில் ஆறு அபிஷேகம். அதில் மார்கழித் திருவாதிரையும் ஆனி உத்திரமும்தான் பெரிசு. மற்ற ஊர்களில் தேருக்கு உற்சவர் வருவார். மூலவர் உள்ளேயே இருப்பார். சிதம்பரத்தில் மூலவரே கிளம்பி வந்துவிடுகிறார். ஒன்பதாம் நாள் நாலு வீதியும் தேரில் சுற்றிவிட்டு, அன்று இரவு சித்சபைக்குத் திரும்பாமல் ஆயிரங்கால் மண்டபமான ராஜசபையில் தங்குகிறார். ஆமாம் ஸார், சாமியே அன்றைக்கு வேறு இடத்தில் ரூம் போட்டுத் தங்குகிறார்! விடியலுக்கு வெகு முன்பே மகாபிஷேகம் ஆரம்பித்துவிடும். பிற்பகலில் அவர் சித்சபைக்குத் திரும்பும்போது தரிசனம்.

ஆக, முக்கியமானதெல்லாம் நடப்பது ஊர் உலகம் தூங்குகிற நேரத்தில். அதுதான் எனக்கு உறைக்கவில்லை.

ஒருவழியாகப் புறப்பட்டபோது திருவாதிரைக்கு எட்டு நாள்தான் பாக்கி. சிதம்பரத்துக்குப் போன் போட்டேன். முதல் லாட்ஜில் “ஃபுல் ஸார்.” இரண்டாவதில் “ஃபுல்லு.” மூன்றாவதில் மரியாதை இன்னும் குறைந்து, ஒரு சிரிப்பு மட்டும். உடனே என் மூளை வேலை செய்தது (அது வேலை செய்யும் நாட்களில்தான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்). மேப்பை விரித்தேன். கடலூர்! மாவட்டத் தலைநகர். சிதம்பரத்திலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம். கடற்கரை வேறு. “பெரிய ஊர்ல சௌகர்யமா தங்கி, சின்ன ஊருக்குப் போய்ட்டு வந்துடலாம்” என்றேன். மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடலூரில் கிடைத்த ரூம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மெத்தை, டி.வி., குளியலறையில் வழுக்காத தரை. அம்மா ஒரு மணிக்கே எழுந்து, குளித்து, விபூதி பூசி, பட்டுப்புடவையில் தயாராக உட்கார்ந்துவிட்டாள். இரண்டரைக்கு மூவரும் கீழே இறங்கினோம். ஷட்டர் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் இல்லை. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் பாயை விரித்து ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினால், “சாவி மானேஜர் எடுத்துட்டுப் போயிட்டாரு ஸார். அஞ்சு மணிக்கு வருவாரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டான். மானேஜருக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் வந்து திறந்தபோது நாலே கால்.

அப்புறம் பஸ். அப்புறம் சிதம்பரத்துக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்ட போலீஸ். அப்புறம் அம்மாவின் முழங்கால். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஏதாவது ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, எழுந்து, கோபுர வாசலை எட்டியபோது நன்றாக விடிந்துவிட்டது. உள்ளேயிருந்து ஜனங்கள் நெற்றியில் விபூதியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். “அபிஷேகம் ஆயிடுச்சும்மா. தரிசனத்துக்கு மத்தியானம் ஆகும்” என்றார் ஒருவர்.

மத்தியானம் வரை எங்கே இருப்பது? ரூம் நாற்பத்தைந்து கிலோமீட்டரில் மெத்தையோடு காத்துக்கொண்டிருக்கிறது. தெற்கு வீதியில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், “வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வந்து ஒக்காருங்க” என்று கூப்பிட்டு, ரேழியில் பாய் விரித்து, அம்மாவுக்கு மோர் கொடுத்தார். பதினொரு மணிக்கு அம்மாவின் காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் வீங்கியிருந்தது. தரிசனக் கூட்டத்தில் நிற்க முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. “போலாண்டா” என்றாள். அவ்வளவுதான். கடலூர் வரை பேச்சில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

* * *

ஆனித் திருமஞ்சனத்துக்கு ஆறு மாதம் இருந்தது. இந்தத் தடவை போனை நம்புவதாக இல்லை. சித்திரை வெயிலில் தனியாகக் கிளம்பிப் போய், மூன்று நாள் ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கினேன். பெண் பார்க்கக்கூட நான் இவ்வளவு வீடு ஏறியதில்லை.

சிதம்பரத்தை ஒரு சதுரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கோயில். சுற்றிலும் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. சதுரத்துக்குத் தென்கிழக்கில், நான் போனபோது, பஸ் ஸ்டாண்ட். அதையும் தாண்டி ரயில்வே ஸ்டேஷன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாமலைநகர். 1929-ல் ஆரம்பித்த பல்கலைக்கழகமும் அதையொட்டிய பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜுகளில் ரூம் சுலபமாகக் கிடைக்கும். தூக்கம்தான் சுலபமாகக் கிடைக்காது. விடிய விடிய ‘சீர்காழி, மாயவரம், கும்மோணம்’ என்று கண்டக்டர்கள் நம் தலைமாட்டில் நின்று கூவுவார்கள். ஒரே நாளில் பிச்சாவரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது போதும். அலையாத்திக் காட்டுக்குப் போக பஸ்ஸோ ஆட்டோவோ காலை வெயில் ஏறும் முன் பிடிப்பதுதான் முக்கியம், ரூம் இல்லை.

ஸ்டேஷன் பக்கம் அமைதி. ராத்திரி ரயிலில் வந்து இறங்குபவர்களுக்குச் சௌகர்யம். ஆனால் செக்-அவுட் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். சில இடங்களில் நீங்கள் விடிகாலை மூணு மணிக்கு நுழைந்தாலும் அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்தது. ஒன்பது மணி நேரம் தூங்கியதற்கு ஒரு நாள் வாடகை!

அண்ணாமலைநகர் பக்கம் விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. அங்கே ரூம் தேடுகிறவர்களில் பக்தர்களும் டூரிஸ்டுகளும் குறைவு. பரீட்சைக்கு வந்த பிள்ளைகள், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வந்த அப்பாக்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருப்பவர்கள். ஒரு ரிசப்ஷனில் ஒரு விவசாயியைப் பார்த்தேன். வேட்டியில் மருந்து வாசனை. “ரூம் வேணாம்யா. குளிக்க மட்டும் ஒரு மணி நேரம் விடுவீங்களா? படுக்கறதுக்கு ஆஸ்பத்திரி மரத்தடி இருக்கு” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மானேஜர் யோசித்துவிட்டு, காசு வாங்காமல் பின்பக்க பாத்ரூமைக் காட்டினார். நான் ஏ.ஸி. ரூமுக்கும் ஏ.ஸி. இல்லாத ரூமுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்க வாயெடுத்தவன், மூடிக்கொண்டேன்.

இந்த ஊரில் தங்க இடம் என்பது எந்தக் காலத்திலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததில்லை. கட்டளைதாரர்களுக்குத் தீட்சிதர் வீட்டில் ஏற்பாடு நடக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறுமுக நாவலர் 1864-ல் இங்கே சைவப் பிரகாச வித்தியாசாலையையே நிறுவும் அளவுக்கு ஊரோடு ஒட்டிக்கொண்டார். ஆனால், சேக்கிழார் சொல்கிறபடி, நந்தனார் எல்லையைத் தாண்டி உள்ளே வரமுடியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே போக அவருக்குக் கிடைத்த வழி நெருப்பு. அதே ஊரில் 1916-ல் சுவாமி சகஜானந்தர், அந்த நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி செய்தார். ரேட் கார்டைப் பார்த்து முகம் சுளிக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

இனி நாலு வீதி. தேர் ஓடுகிற வீதிகள் என்பதால் நல்ல அகலம். மேல வீதியில் கடைகள் அதிகம். வாங்குகிற கை உள்ளவர்கள் அங்கே தங்கவேண்டாம். மேல வீதியும் வடக்கு வீதியும் சேரும் முனை தேர் நாளில் விசேஷம். பருவதராஜ குலத்தார் மண்டகப்படிக்காகத் தேர்கள் அங்கே நின்று, மாலையில்தான் மறுபடி நகரும். சாவகாசமாகத் தேர் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. மகாசிவராத்திரியை ஒட்டி வருகிறவர்களுக்கு வேறு பிரச்னை. 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலிக்காக ஊர் ஊராக நடனமணிகள் வந்து இறங்குவார்கள். பக்கத்து ரூமில் அலாரத்துக்குப் பதில் சலங்கைச் சத்தம் கேட்கும்.

எனக்கு வேண்டியது ராஜசபை. அது கோயிலின் வடகிழக்கில், சிவகங்கைக் குளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கீழ கோபுரம் வழியாக நுழைந்து வலது பக்கம் திரும்பினால் ஆயிற்று. எனவே கீழ வீதி. கோபுர வாசலிலிருந்து ஒவ்வொரு லாட்ஜுக்கும் அம்மாவின் நடையில் நடந்து பார்த்தேன். அதாவது, நாலு அடி வைத்து ஒரு நிமிஷம் நின்று, மறுபடி நாலு அடி. பூக்காரம்மா ஒருத்தர் என்னையே பார்த்துவிட்டு, “மூட்டு வலியா தம்பி? இந்த வயசிலேயேவா?” என்று விசாரித்தார்.

ஒரு லாட்ஜில் எல்லாம் பிரமாதம்; ஆனால் தரைத்தளத்தில் ரூம் கிடையாது, லிஃப்டும் கிடையாது. இன்னொன்றில் லிஃப்ட் இருந்தது. ‘பழுது’ என்று எழுதிய அட்டை அதைவிடப் பழசாக இருந்தது. மூன்றாவதில் கீழேயே ரூம், ஆனால் கக்கூஸ் குத்துக்கால் போட்டு உட்காருகிற ரகம். எழுபத்தொன்பது வயது முழங்காலுக்கு அது தண்டனை. நாலாவது இடம் பழைய கட்டடம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. டி.வி. பெட்டியில் படத்தைவிடப் புள்ளிகள் அதிகம். ஆனால் வாசலிலிருந்து ஒரே ஒரு படி. உள்ளே உட்காரும் கக்கூஸ், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. கவுன்ட்டரில் அறுபது வயதுப் பெரியவர்.

நான் ஐந்தாவது கேள்வியை எடுத்தேன். “ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டைத் திறப்பீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “திருமஞ்சனத்துக்கா கேக்குறீங்க? அன்னிக்கு நாங்க கேட்டை மூடினாத்தானே தம்பி திறக்கறதுக்கு!”

அட்வான்ஸ் கட்டிவிட்டேன்.

* * *

கடலூர்க்காரர்கள் சண்டைக்கு வரும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பு கடலூர் மேல் இல்லை. அங்கே தங்கி இங்கே கும்பிட நினைத்த என் மேல்தான்.

கடலூர் ஒரு காலத்தில் நிஜமாகவே தலைநகர். வெள்ளைக்காரர்கள் 1690-ல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை நிலம் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டதாக வரலாறு. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மனை வாங்க எவ்வளவு சுலபமான வழி, பாருங்கள்! 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், மாறுவேஷத்தில் அங்கிருந்து தப்பி இந்தக் கோட்டைக்கு ஓடிவந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அப்போதிருந்து 1752 வரை கம்பெனியாரின் தென்னிந்தியத் தலைமையிடம் கடலூர்தான். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை இடித்துவிட்டார்கள். இப்போது மிச்சம் தேடிப்போனால் கொஞ்சம் செங்கல்லும் நிறையக் காற்றும் கிடைக்கும்.

கடலூரில் ரூம் தேடுபவர் முதலில் ‘எந்தக் கடலூர்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கெடிலத்துக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூர். ஊரார் வாயில் திருப்பாப்புலியூர். பாடலீஸ்வரர் கோயில், லாரன்ஸ் ரோடு, கடைத்தெரு, ஒரு ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் அங்கே. ஆற்றுக்கு வடக்கே மஞ்சக்குப்பம்; வாய்தாவுக்கும் ஆபீஸ் வேலைக்கும் வருகிறவர்கள் ஏரியா. இன்னும் தெற்கே போனால் ஓ.டி. என்கிற பழைய ஊர். அங்கே கடலூர் துறைமுகம் சந்திப்பு என்று இன்னொரு ஸ்டேஷன். ‘கடலூர்’ என்று டிக்கெட் எடுத்து எங்கேயோ இறங்கி எங்கேயோ ரூம் போட்டவர்கள் கதை ஏராளம்.

சில்வர் பீச் காற்று வேண்டுமா, கடலூரில் தங்குங்கள். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில் கல்யாணமா, தாராளமாகத் தங்குங்கள். ஆனால் முகூர்த்த நாளில் ஒரே கோயிலில் ஏகப்பட்ட கல்யாணம் நடக்கும் என்பதால், பெண் நிச்சயமான கையோடு ரூமையும் நிச்சயம் செய்துவிடுவது நல்லது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏ.ஸி. ரூம் இல்லை என்று தாலி கட்டும் நேரம் வரை முணுமுணுத்த ஒரு மாமாவை எனக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எதற்கும் ரேடியோவைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2011 டிசம்பரில் தானே புயலும், 2015-ல் வெள்ளமும் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டவை.

* * *

ஆனி ஒன்பதாம் நாள் காலை. அம்மாவை லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி, சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர். பெரியவர் தன் ஃபேனையே வெளியே இழுத்து வந்து அம்மா பக்கம் திருப்பிவிட்டார். நடராஜர் தேர் நகர்ந்தபோது அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முழங்கால் ஞாபகமே இல்லை.

இரவு ஒன்றரைக்கு அவள்தான் என்னை எழுப்பினாள். “கேட்டு தெறந்திருக்கான்னு பாத்துட்டு வாடா.” போனேன். திறந்துதான் இருந்தது. பெரியவர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். “ஆயாவை மெதுவா கூட்டிட்டுப் போங்க. நேரம் இருக்கு” என்றார்.

நாலு அடி, ஒரு நிமிஷம். நாலு அடி, ஒரு நிமிஷம். சித்திரையில் நான் நடந்து பார்த்த கணக்கு துளி பிசகவில்லை. கூட்டம் இருந்தது. ஆனால் ஒரு தூண் அருகில், அம்மாவின் வயதைப் பார்த்து ஒரு குடும்பம் நகர்ந்து இடம் கொடுத்தது. பால், தயிர், தேன் என்று குடம் குடமாக வந்துகொண்டே இருந்தது. சந்தனம் ஊற்றியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயதில் பார்த்த மாதிரியே இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

விடிந்ததும் ரூமுக்கு வந்து, சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டு, மத்தியானம் வரை அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள். பிற்பகல் தரிசனமும் ஆயிற்று.

மறுநாள் ரூமைக் காலி செய்யும்போது பில்லைப் போட்டுக்கொண்டே பெரியவர் கேட்டார்: “மார்கழிக்கும் இதே ரூம்தானே?”

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். உள்ளே கையை விட்டு, எட்டாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, கவுன்ட்டரில் வைத்துத் தேய்த்து நீவினாள்.

“இவங்கிட்ட கேக்காதீங்கய்யா, நாளைக்கும்பான். அட்வான்ஸை எம்பேர்ல எழுதிக்கிடுங்க.”